தண்ணீர் இல்லாமல் தலையில் தூவும் பொடி அல்லது ஸ்பிரேதான் டிரை ஷாம்பு. அது தலையைக் கழுவாது. பிறகு எதற்கு அது?

எனக்கு வந்த கேள்வி இது: சென்னையில் இரவு ஷிஃப்ட் வேலை. இடுப்பு வரை முடி. வாரத்துக்கு இரண்டு தடவைதான் தலைக்குக் குளிக்க முடிகிறது. காயவே மூன்று மணி நேரம் ஆகிறது, ஈரத்தோடு கட்டினால் நீர் கோத்துக்கொண்டு தலை வலிக்கிறது. ஸ்கூட்டி ஓட்டுவதால் ஹெல்மெட் வேறு. மூன்றாம் நாளே உச்சந்தலை பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது. டிரை ஷாம்பு போடலாமா? முடி கொட்டுமா? புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? வீட்டிலேயே மாவில் செய்துகொள்ளலாமா?

போடலாம். சரியான தலையில், சரியான நேரத்தில் போட்டால் நல்ல பொருள்தான். திருச்சியில் 19 வருடமாகப் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். டிரை ஷாம்பு போட்டு ஏமாந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்திருந்தார்கள். பெயரில் ஷாம்பு என்று இருப்பதால் தலையைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். அது எதையும் கழுவி வெளியேற்றுவதில்லை. தலையில் ஊறிய எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த முறை நீங்கள் தண்ணீர் ஊற்றும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு சின்ன எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்திலும் தலையிலும் இந்தச் சுரப்பிகள் மிக நெருக்கம். உள்ளங்கையில் கிடையவே கிடையாது. தலைக்குக் குளித்த நிமிடத்திலிருந்தே அவை மறுபடி சுரக்க ஆரம்பித்துவிடுகின்றன. நேரான முடி என்றால் எண்ணெய் சறுக்கிக்கொண்டு கீழே இறங்கும், சுருட்டை முடியில் மேலேயே நிற்கும். முடி முடியோடு ஒட்டி, தலை படிந்து, வகிட்டுப் பக்கம் மினுமினுவென்று தெரிவதற்கு இதுதான் காரணம். டிரை ஷாம்பு டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள். ஒரைசா சடைவா ஸ்டார்ச் என்றால் நம் நெல்லின் மாவுச்சத்து. ஜியா மேய்ஸ் ஸ்டார்ச் என்றால் மக்காச்சோளத்தினுடையது. அலுமினியம் ஸ்டார்ச் ஆக்டெனில்சக்சினேட் என்று வாய்க்குள் நுழையாத பெயர் ஒன்று இருக்கும். அதுவும் மாவுச்சத்துதான், எண்ணெயை இன்னும் நன்றாகப் பிடிப்பதற்காகப் பக்குவப்படுத்தியது. சிலதில் சிலிகாவோ வெள்ளைக் களிமண்ணோ சேர்ப்பார்கள். முடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 60 முதல் 100 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அரிசி மாவுச்சத்தின் ஒரு துகள் 8 மைக்ரானைத் தாண்டாது. அவ்வளவு நுண்ணிய துகள்கள் முடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு எண்ணெயை இழுத்துக்கொள்வதால்தான் ஒட்டியிருந்த முடிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்கின்றன. தலை அடர்த்தியாகத் தெரிவதும் அதனால்தான்.

இந்தப் பொருளை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்தது, சுரப்பியிலிருந்து தானாக ஊறும் மெல்லிய எண்ணெயை. நாம் பாட்டிலிலிருந்து ஊற்றித் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் அவர்கள் கணக்கிலேயே இல்லை. போன வருடம் ஒரு பெண், அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், முந்தின இரவு எண்ணெய் வைத்த தலையில் அரை டப்பா ஸ்பிரே அடித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். புட்டு மாவு பிசிறினதுபோல உச்சியெல்லாம் சின்னச் சின்ன உருண்டை. சீப்பை விட்டு இழுத்தால் பற்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பசை. மூன்று தடவை ஷாம்பு போட்டு அலசிய பிறகுதான் தலை பழைய நிலைக்கு வந்தது. எண்ணெயில் மாவைப் போட்டால் என்ன ஆகும் என்று அடுப்படியில் நிற்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதல் விதி: எண்ணெய் வைத்த தலைக்கு டிரை ஷாம்பு கிடையாது. எண்ணெய் வைப்பதாக இருந்தால் தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வையுங்கள், குளித்த பிறகு வைக்காதீர்கள். முடி நுனி வறண்டு பிளக்கிறது என்றால் இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, தோளுக்குக் கீழே இருக்கும் முடியில் மட்டும் தடவுங்கள். டிரை ஷாம்பு உச்சந்தலைக்கு, எண்ணெய் நுனிக்கு. இரண்டும் சந்திக்கவே கூடாது.

உங்கள் தலையில் இருப்பது எண்ணெயா, வியர்வையா, பொடுகா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டிஷ்யூ தாளை வகிட்டின் மேல் வைத்துப் பத்து விநாடி அழுத்திவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காராசேவு பொட்டலத்தில் இருப்பதுபோல ஒளி ஊடுருவும் திட்டு தெரிந்து, கொஞ்ச நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் அது எண்ணெய்; டிரை ஷாம்புக்கு வேலை இருக்கிறது. திட்டு சீக்கிரம் காய்ந்து மறைந்தால் வியர்வை. அதற்கு மாவு தேவையில்லை, காற்று போதும். பிறகு நகத்தால் தலைத்தோலை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நகத்தில் பிசுக்கோ வெள்ளைச் செதிலோ வந்தால் அன்றைக்குத் தலைக்குக் குளித்தே ஆக வேண்டும், வேறு வழி எதையும் தேடாதீர்கள்.

வியர்வை பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் ஹெல்மெட் போடுகிறீர்கள். மாவுச்சத்து எண்ணெயை மட்டுமல்ல, ஈரத்தையும் இழுக்கும். ஈரத் தலையில் விழுந்தால் திரள் திரளாக ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு கஞ்சி போட்ட வேட்டிபோல முடி விறைத்துப் போகும். அதனால் ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு ஸ்பிரே அடிக்கக் கூடாது. முடியை அவிழ்த்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். தலைத்தோலைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் போடுங்கள். போட்ட கையோடு ஹெல்மெட்டை மாட்டுவது அதைவிட மோசம். உள்ளே வேர்க்க வேர்க்கப் பசையாகி, ஹெல்மெட்டின் உள் துணியும் நாற ஆரம்பிக்கும். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டி அதன் மேல் ஹெல்மெட் போடுங்கள், துணியைத் தினமும் துவையுங்கள். உங்கள் பிசுபிசுப்பில் ஒரு பங்கு இதிலேயே குறைந்துவிடும். பூ வைக்கிற பழக்கம் இருந்தால் இன்னொன்று: பூக்காரம்மா தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் சரம் அது. பொடி போட்ட இடத்திலிருந்து தள்ளி, கீழே பின்னலில் வையுங்கள்.

இப்போது போடும் முறை. நேரம்தான் இதில் முக்கியம், அதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தலை பிசுக்கு ஏறி, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அடிக்காதீர்கள். பிசுக்கு ஏறப்போகிறது என்று தெரிந்த நாளுக்கு முந்தின தூக்கத்துக்கு முன்னால் போடுங்கள். இரவு வேலை என்பதால் உங்களுக்கு அது காலைத் தூக்கம். தூங்கும் ஆறேழு மணி நேரத்தில் ஊறுகிற எண்ணெயை ஊற ஊறப் பொடி வாங்கிக்கொள்ளும். எழுந்து சீவினால் போதும், வெள்ளைத் தடமும் இருக்காது. நான் சொல்லி இதைச் செய்து பார்த்தவர்கள், முன்பு போட்டதில் பாதிப் பொடியே போதும் என்று திரும்ப வந்து சொல்லியிருக்கிறார்கள். ஒரு பழைய பருத்தித் துண்டைத் தலையணை மேல் விரித்துக்கொள்ளுங்கள்.

முடியை முழுக்க அவிழ்த்துச் சிக்கெடுங்கள். பொடியைத் தலை முழுக்கத் தூவ வேண்டியதில்லை. எண்ணெய் தேங்கும் இடங்கள் நான்குதான்: வகிடு, நெற்றியோரம், காதுக்கு மேலே, உச்சியில் சுழி இருக்கும் இடம். ஸ்பிரே என்றால் டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வகிடு வகிடாகப் பிரித்து வேர்ப்பக்கம் மட்டும் ஒரு விநாடி அடித்து நிறுத்துங்கள். கிட்டப் பிடித்தால் ஒரே இடத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல விழும், அந்த இடம் சில்லென்று உறைந்தும் போகும். பொடி என்றால் தலையில் கவிழ்க்காதீர்கள். ஒரு தட்டில் கால் தேக்கரண்டி எடுத்து, மேக்கப் பிரஷ்ஷில் தொட்டு, தட்டின் விளிம்பில் ஒரு தட்டு தட்டி, வகிட்டோரமாக ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் கையை வைக்கக் கூடாது. பொடி எண்ணெயை இழுப்பதற்கு அந்த நேரம் வேண்டும். உடனே தேய்த்தால் எண்ணெயைத் தலை முழுக்கப் பரப்பியதுதான் மிச்சம்.

அதன் பிறகு விரல் நுனியால், நகம் படாமல், தோல் நகரும்படி ஒரு நிமிடம் பிடித்துவிடுங்கள். ஷாம்பு என்ற சொல்லே இந்தப் பிடித்துவிடுதலிலிருந்து வந்ததுதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்தியில் சாம்போ என்றால் அழுத்து, பிடித்துவிடு என்று பொருள். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் 1814-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் நீராவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் நிலையம் ஒன்றை நடத்தி, அந்தச் சொல்லை அங்கே பிரபலமாக்கினார். நுரைவரும் திரவத்துக்கு அது பெயரானது பிற்பாடுதான். டப்பாவில் என்ன இருந்தாலும் கடைசியில் கைதான் வேலை செய்கிறது. பிடித்துவிட்ட பிறகு குனிந்து முடியை முன்னால் போட்டு, ஹேர் பிரஷ்ஷால் வேரிலிருந்து நுனி வரை சீவிப் பொடியை உதறுங்கள். வெளியே வர வேண்டியது எவ்வளவு என்று கீழே விரித்த துணி காட்டிக்கொடுக்கும்.

நம் முடி கறுப்பு, மாவு வெள்ளை. அளவு கூடினால் இருபத்தைந்து வயதுக்காரிக்கும் நரைத்ததுபோலத் தெரியும். கடையில் கறுப்பு முடிக்கென்று பழுப்பு நிறம் சேர்த்தது கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். வெளிர்நிற உடுப்பின் காலரிலும் தலையணை உறையிலும் அந்த நிறம் கொஞ்சம் ஒட்டும், துவைத்தால் போய்விடும்.

ஸ்பிரேயா பொடியா என்றால், பொடி என்பேன். ஸ்பிரே டப்பாவிலிருந்து மாவைத் தள்ளி வெளியே கொண்டுவருவது பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்கள். நம் சமையல் சிலிண்டரில் இருப்பதும் அதே இனம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி மாடத்தில் விளக்கு எரியும், தூபக்காலில் சாம்பிராணி புகையும், அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தலைக்கு ஸ்பிரே அடிப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எரியும் அடுப்பு, ஊதுவத்தி, கொசுவத்தி எது இருந்தாலும் அந்த அறையில் அடிக்கக் கூடாது. ஆக்ஸிஜன் வைத்திருக்கும் நோயாளியின் பக்கத்தில் கூடவே கூடாது. டப்பாவில் 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறமும் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலும் அந்தச் சூட்டை எளிதாகத் தொட்டுவிடும். கைப்பையில் வையுங்கள், வண்டியில் விட்டு வராதீர்கள். சைனஸ், வீசிங் உள்ளவர்களுக்கு ஸ்பிரே மூட்டம் தும்மலையும் மூச்சிரைப்பையும் கிளப்பிவிடும். உங்களுக்குத் தலைவலி அடிக்கடி வருகிறது என்றால் அதை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு, தலைக்குப் பொடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த புற்றுநோய்ச் செய்திக்குப் பின்னால் நடந்த விஷயம் ஒன்று இருக்கிறது; முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 2022 அக்டோபரில் யூனிலீவர் நிறுவனம் அமெரிக்காவில் டவ், டிரெசமே உள்ளிட்ட சில பெயர்களில் விற்ற ஸ்பிரே டிரை ஷாம்புகளைத் திரும்பப் பெற்றது. 2021 அக்டோபருக்கு முன் தயாரானவை அவை. பென்சீன் என்ற வேதிப்பொருள் கலந்திருக்கலாம் என்பது காரணம். அதற்குப் பத்து மாதம் முன்பு, 2021 டிசம்பரில், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும் அங்கே இதேபோலச் செய்திருந்தது. அதே 2022 அக்டோபர் கடைசியில் வாலிஷ்யூர் என்ற தனியார் ஆய்வகம் 34 பிராண்டுகளின் 148 தொகுப்புகளைச் சோதித்து, ஏறத்தாழ 70 சதவீதத்தில் பென்சீன் இருந்ததாக அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மனு கொடுத்தது. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது டிரை ஷாம்புவில் சேர்க்கும் பொருள் அல்ல. கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் அந்தத் தள்ளும் வாயுவோடு மாசாக வந்து சேர்ந்தது. கண்ட அளவில் தினமும் பயன்படுத்தினாலும் உடல்நலக் கேடு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, முன்னெச்சரிக்கையாகத்தான் திரும்பப் பெறுகிறோம் என்று யூனிலீவர் சொன்னது.

இதை வைத்து நான் எடுத்த முடிவு இதுதான். இந்த விஷயத்தில் சந்தேகம் மாவுச்சத்து மேல் இல்லை, வாயுவில்தான் கேள்வி. பொடியாக வாங்கினால் அந்த வாயுவே இல்லை. என் பார்லரில் ஸ்பிரேயை நிறுத்திவிட்டேன். நாள் முழுக்க அந்த மூட்டத்தில் நிற்பவர்கள் என்னிடம் வேலை பார்க்கும் பெண்கள், அவர்களுக்கு நான் பொறுப்பு. வீட்டில் எப்போதாவது ஒரு முறை ஸ்பிரே அடித்தவர்கள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. அடிப்பதானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாத்ரூமுக்குள் தாழ்போட்டுக்கொண்டு அடிக்காதீர்கள்.

வீட்டில் செய்துகொள்ளலாமா என்றால், தாராளமாக. ஆனால் எந்த மாவு என்பதில் குழப்பம் வருகிறது. நம் மளிகைக் கடையில் சோள மாவு என்று கேட்டால் ஒரு கடையில் மஞ்சள் நிற மக்காச்சோள மாவைக் கொடுப்பார்கள், இன்னொரு கடையில் வெள்ளைச்சோளத்தை அரைத்துக் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியது சூப்பிலும் கோபி மஞ்சூரியனிலும் போடும் வெள்ளை வெளேரென்ற கார்ன் ஃபிளார். விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நெறுநெறுவென்று சத்தம் வரும், அதுதான் அடையாளம். ஆரோரூட் மாவும் நல்லது. மில்லில் அரைத்த பச்சரிசி மாவு வேண்டாம். எவ்வளவு சலித்தாலும் அதில் நொய் இருக்கும். எண்ணெயை வாங்காமல் கோலப்பொடிபோல முடியில் நின்றுவிடும். கார்ன் ஃபிளார் இரண்டு தேக்கரண்டி, நிறத்துக்காகச் சர்க்கரை சேராத கோகோ பவுடர் ஒரு தேக்கரண்டி. பாலில் கலந்து குடிக்கும் சாக்லேட் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், அதில் சர்க்கரை. தலையணைக்கு எறும்பு வரும். இரண்டையும் கலந்து, சித்த மருந்துக்கடைக்காரர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வதுபோல மெல்லிய வேட்டித் துணியில் கட்டித் தட்டித் தட்டிச் சலித்து எடுங்கள். ஈரம் படாத சின்ன டப்பாவில், இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும். முதல் முறை காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போடுங்கள்.

ஆப்ப சோடாவைத் தலையில் போடச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. அது காரம். நம் தலைத்தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது. போடப் போட முடி வறண்டு முறியும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரும் வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2024-ல் டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறது. மாவு கைக்கு எட்டும்போது அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டிய அவசியம் என்ன? சீயக்காய், அரப்பு இரண்டையும் உலர்ந்த பொடியாகத் தூவலாமா என்றும் கேட்கிறார்கள். அவை தண்ணீரோடு சேர்ந்தால்தான் அழுக்கை எடுக்கும். உலரத் தூவினால் கண்ணெரிச்சலும் தும்மலும்தான்.

தலையில் மாவு போடுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் பொய்முடியிலும் சொந்த முடியிலும் வாசனை சேர்த்த மாவுச்சத்தைத் தூவிக்கொண்டார்கள். 1795-ல் பிரிட்டன் அரசு அதற்கு வரியே போட்டது, ஆளுக்கு வருடம் ஒரு கினி, அந்தக் காலத்துத் தங்க நாணயம். தானியம் விலை ஏறி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்காத அந்த வருடத்தில், தலையில் மாவைக் கொட்டுவது பலருக்கு உறுத்தியது. வழக்கம் மெல்ல மறைந்தது. 1940-களின் அமெரிக்காவில் டிரை ஷாம்பு என்ற பெயரிலேயே பொடியாகக் கடையில் விற்றார்கள்.

முடி கொட்டுமா என்ற பயத்துக்கு வருகிறேன். சராசரியாக ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தினமும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நான்கு நாள் கழித்துக் குளித்தால், நான்கு நாள் உதிர்ந்தது பின்னலுக்குள்ளேயே தங்கியிருந்து மொத்தமாக வடிகட்டியில் வந்து நிற்கும். பார்த்ததும் வயிற்றைப் பிசையும். பழி டிரை ஷாம்பு மேல் விழும். பொடி வேரைப் பிடுங்குவதில்லை. ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக நாலைந்து தடவை போட்டு, கழுவாமல் விட்டால் மாவும் எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து அடை தட்டும். அரிக்கும், சொறிவீர்கள், மயிர்க்காலில் சின்னக் கொப்புளங்கள் கிளம்பும். அந்த நிலையில் முடி கெடத்தான் செய்யும். அதனால் இரண்டு தலைக்குளியலுக்கு நடுவே ஒரு தடவை. மிஞ்சிப் போனால் இரண்டு. அதற்கு மேல் கிடையாது. கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டுகிறது, வகிடு அகலமாகிறது என்றால் டப்பாவை மாற்றிப் பயனில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்த்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

பொடுகு இருப்பவர்கள் டிரை ஷாம்புவைத் தொடவே வேண்டாம். பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்குத் தலையில் ஊறும் எண்ணெய்தான் சாப்பாடு. பொடி அந்த எண்ணெயை வெளியேற்றாமல் அங்கேயே பிடித்துவைக்கிறது, செதிலையும் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. பொடுகுக்கு மருந்து ஷாம்பும் அடிக்கடி அலசலும்தான்.

கழுவும் நாளில் ஒரு விஷயம் செய்யுங்கள். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கார்ன் ஃபிளாரைக் கலக்கி ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், கரையாமல் அடியில் போய்ப் படிந்திருக்கும். உங்கள் தலையிலும் அப்படித்தான். மேலோட்டமாகத் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் நுரைத்துவிட்டு வந்தால் மாவு வகிட்டிலேயே தங்கிவிடும். முதலில் உலர்ந்த முடியை நன்றாகச் சீவிப் பொடியை உதறுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் விரல் விட்டு அலசுங்கள். பிறகு ஷாம்பு இரண்டு முறை: முதலாவது மாவுக்கும் எண்ணெய்க்கும், இரண்டாவது தலைத்தோலுக்கு. கண்டிஷனர் நுனிக்கு மட்டும்.

தலைக்குக் குளிக்க முடியாத எல்லா நேரத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, தலைக்கு ஊற்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பத்தாம் நாள் "தலையே கனக்குதுடி, ஏதாவது பண்ணு" என்றார். கையில் டிரை ஷாம்பு இருந்தும் நான் போடவில்லை. ஆறாத கண்ணுக்குப் பக்கத்தில் பொடி பறப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. மருத்துவரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, பார்லர் நாற்காலியில் மல்லாக்கச் சாய்த்து, கண்ணுக்குக் கவசம் போட்டு, நெற்றியில் ஒரு மடித்த துண்டை இறுக்கி, பின்பக்கத் தொட்டியில் ஒரு சொட்டும் முன்னால் வராமல் அலசிவிட்டேன். அலசும்போதே தூங்கிவிட்டார். தலையில் தையல், புண், பேன் இருப்பவர்களுக்கும் பொடி ஆகாது.

உங்கள் வாரத்துக்கு நான் எழுதித் தருவது இதுதான். ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமையும் தலைக்குக் குளியுங்கள். எண்ணெய் வைக்க ஆசையிருந்தால் ஞாயிறு மட்டும், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால். குளித்ததும் பருத்தித் துண்டால் ஒற்றியெடுத்து, முடியை மேல் கீழாக இரண்டு பங்காகப் பிரித்துக் காயவையுங்கள். மூன்று மணி நேரம் என்பது இரண்டாகக் குறையும். செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, தலைத்தோல் காய்ந்ததும் நான்கு இடத்தில் பொடி ஒற்றிவிட்டுத் தூங்குங்கள். சாயங்காலம் எழுந்து சீவித் தளர்வாகப் பின்னிக்கொண்டு வேலைக்குப் போங்கள். வியாழன் குளியலுக்குப் பிறகு சனிக்கிழமை காலை டிஷ்யூவை வைத்துப் பாருங்கள். எண்ணெய்த் திட்டு இல்லையென்றால் அன்றைக்குப் பொடியே வேண்டாம்.